கிளுவந்தோட்டத்து நீலப் போத்தல்கள்

அத்தியாயம் ஆறு

தங்கம் சிவப்பு நிறம் என்று யாராவது சொன்னால் பஞ்சலிங்கம் முதலில் கள்ளு நாறுதோ என்று அந்த ஆளின் வாயைத்தான் மணந்து பார்ப்பான். ஆனால் சொன்னது றஜிதா. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற பிள்ளை. மணந்து பார்க்க ஏலாது. அதனால் அவன் மர வாங்கில் இருந்தபடி தலையை மட்டும் சொறிந்தான்.

"உண்மையாத்தான் அண்ணை," என்றாள் றஜிதா. "தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னத் துணிக்கையாக்கித் தண்ணியிலை விட்டால் சிவப்பாத்தான் தெரியும். நானோத் துணிக்கை எண்டு சொல்லுறது."

"இதை நகைக்கடைக்காரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. நாளைக்கே சிவப்புச் சர்பத்தைத் தாலி எண்டு வித்துப்போடுவாங்கள்."

"பஞ்சண்ணை, கொஞ்சம் வாயை மூடுங்கோ," என்றாள் உதயகலா.

உதயகலா முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தவள். எரியாத கடைக்கு நெருப்புக் காசு கேட்டவன், சாகாத மாட்டுக்குச் சாவுக் காசு கேட்டவன் என்று எத்தனையோ பேரைப் பிடித்தவள். அந்த வேலை அலுத்துப்போய் இப்போது தனியாகத் துப்பறிகிறாள். பஞ்சலிங்கம் அவளுடைய ஓட்டோக்காரன், உதவியாளன், பசி வந்தால் உபத்திரவம். வயதில் மூத்தவன் என்றபடியால் அவள் அவனை அண்ணை என்பாள். படித்தவள் என்றபடியால் அவன் அவளை மிஸ் என்பான்.

மூன்று பேரும் இருந்தது கிளுவந்தோட்டம் சனசமூக நிலையத்தில். தொண்டைமானாற்றுக்குக் கிட்ட, நீரேரிக் கரையோரமாய்க் கிடக்கிற சின்ன ஊர். மேசையில் ஊர் வீடுகளின் பெயர் ஒட்டிய குட்டிப் போத்தல்கள் வரிசையாய் நின்றன. எல்லாம் நீலம். இரண்டே இரண்டு மட்டும் சிவப்பு.

"என்ரை துணிக்கைக்கு மேலை கிருமியைப் பிடிக்கிற பசை மாதிரி ஒண்டு பூசியிருக்கிறன்," என்று றஜிதா தொடர்ந்தாள். "கக்கூஸ் குழியிலையிருந்து கிணத்துக்கு வாற கிருமி தண்ணியிலை இருந்தால், துணிக்கை எல்லாம் ஓடிப்போய் அதைச் சுத்தி ஒட்டிக்கொள்ளும். அப்பிடி நெருங்கினவுடனை சிவப்பு நீலமாகும்."

"சந்தியிலை ஓட்டோ பிரண்டால் சனம் கூடுற மாதிரி."

"அதேதான் அண்ணை!"

பஞ்சலிங்கம் பெருமையோடு உதயகலாவைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

சங்கதி இதுதான். றஜிதா ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போத்தல் கொடுத்தாள். சனிக்கிழமை காலமை அவரவர் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கொண்டுவரச் சொன்னாள். முடிவை வீட்டுப் பெயரோடு வாசல் பலகையில் ஒட்டினாள். ஊர் முழுக்க நீலம். சிவப்பாய் நின்றவை நாகலிங்கம் மாஸ்ரரின் போத்தலும் சின்னத்தங்கத்தின் போத்தலும்தான். மாஸ்ரரின் கிணறு இனிப்புத் தண்ணிக்குப் பேர்போனது, அதில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் சின்னத்தங்கம்? கரையோரத்தில் தனியாய் இருந்து இடியப்பம் அவித்து விற்கிற மனுசி. அவவின் கிணறு வாயில் வைக்க ஏலாத சவர். ஊர்க் கிணறெல்லாம் பழுது, உவளின்ரை மட்டும் எப்பிடி நல்லது என்று ஒருத்தர் கேட்டார். பின்னேரத்துக்குள் ஊரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டது: உவள்தான் எல்லாக் கிணத்துக்கையும் என்னவோ கரைச்சு ஊத்தியிருக்கிறாள்!

"இண்டைக்குப் பின்னேரம் இஞ்சை கூட்டம்," என்றாள் றஜிதா. "எல்லாரும் கையெழுத்து வைச்சுப் பொலிசிலை குடுக்கப்போகினம். நான் கிருமியைப் பிடிக்க வந்தனான் மிஸ். ஒரு மனுசியைப் பிடிச்சுக் குடுத்திட்டன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதையும். உம்மடை மருந்து பிழைச்சிருக்க இடமிருக்கோ? அவவின்ரை தண்ணி சவர் எண்டு சொல்லுறீர். உப்பு ஏதும் குழப்பியிருக்குமோ?"

"உப்புக் குழப்பினால் நீலமாத்தான் மாறும் மிஸ். அது நடக்காமல் இருக்க ஒரு உறை போட்டிருக்கிறன். அவவின்ரை தண்ணி சிவப்பாய் நிண்டதெண்டால் அது உண்மையான சிவப்பு."

"நல்லது. அப்ப பொய் சொல்லுறது மருந்தில்லை. மனுசர். எழும்புங்கோ பஞ்சண்ணை."

சின்னத்தங்கத்தின் படலையைத் திறந்தவுடனேயே ஒரு கோப்பைத் தண்ணீர் பஞ்சலிங்கத்தின் காலடியில் வந்து விழுந்தது.

"கையெழுத்து வாங்க வந்தனீங்களோ? போங்கோ! எனக்கெதிராய் நானே வைக்கவேணுமோ?"

"ஐயோ அக்கா, நாங்கள் உங்கடை பக்கம்," என்று பஞ்சலிங்கம் குதித்துப் பின்வாங்கினான். "சாறத்தை நனைச்சுப்போட்டியளே!"

ஆட்களை அறிந்ததும் அவ உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. சண்டை பிடித்தாலும் வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடமாட்டா போலும். பஞ்சலிங்கம் ஒரு மிடறு குடித்தான். சீனிக்குப் பின்னால் உப்பு வந்து நாக்கில் குந்தியது. அவன் உதயகலாவைப் பார்த்தான். அவள் ரசித்துக் குடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரர் எல்லாரும் பார்சலைத் திருப்பி அனுப்பிப்போட்டினம்," என்றா சின்னத்தங்கம். "அவிச்சதைக் காகத்துக்குப் போடுறன். காகம் இப்ப சம்பலும் கேக்குது. இந்த இடியப்பத்தாலைதான் நான் ஒருத்தரிட்டையும் கையேந்தாமல் இருக்கிறன் பிள்ளை. அது போச்செண்டால் நான் ஆரிட்டைப் போறது? என்னைக் கொலைகாரி எண்டு சொன்ன சனத்திட்டையோ?"

அவவின் குரல் உடையவில்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவினா. தேய் தேயென்று தேய்த்தும் சவர்க்காரம் தயிர் மாதிரித் திரைந்ததே தவிர நுரைக்கவில்லை.

"உந்தத் தண்ணியிலை நுரை வராது," என்றா. "நுரை காணவேணுமெண்டால் மாஸ்ரர் வீட்டுக்குப் போங்கோ. இன்னொண்டு பிள்ளை, அந்தச் சனிக்கிழமை ஆரோ என்ரை கிணத்தடிக்கு வந்திருக்கினம். போத்தலைக் குடுத்திட்டுக் கோயிலுக்குப் போனனான். போகேக்கை வாளியைக் கவிட்டு வைச்சிட்டுத்தான் போவன், என்ரை பழக்கம். வந்து பாக்க வாளி நிமிந்து கிடக்கு. ஈரமாய்க் கிடக்கு! என்ரை கிணத்துக்குத்தான் நஞ்சு போட வந்திருக்கினம் எண்டு நான் கத்தினால் ஆர் கேக்கினம்?"

"நான் கேக்கிறன் அக்கா," என்றாள் உதயகலா.

ஓட்டோவில் ஏறியதும் பஞ்சலிங்கம் சொன்னான்: "மிஸ், நஞ்சு போட வந்தவன் ஏன் வாளியை நனைச்சவன்? போடுறதுக்கு வாளி தேவையில்லையே."

"இண்டைக்கு நீங்கள் சொன்ன முதல் புத்தியுள்ள கதை இதுதான்."

நாகலிங்கம் மாஸ்ரரின் வளவு வேறு உலகம். வெள்ளையடித்த மதில், வாசலில் சிங்கத் தலை, கிணற்றுக்கட்டுக்கு மாபிள். வீட்டோடு சேர்த்துப் புதுசாய் ஒரு குளியலறை முளைத்திருந்தது. கனடாவிலிருந்து மகன் குடும்பம் வருகுதென்று கட்டினதாம். "மகன் கக்கூஸுக்கு முற்றம் தாண்டிப் போகமாட்டன் எண்டிட்டான்," என்று மாஸ்ரர் பெருமையோடு சொன்னார்.

"பேரப்பிள்ளையள் கனநாள் நிண்டவையோ?" என்று உதயகலா கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, வந்த கையோடை கொழும்புக்குத் திரும்பிட்டுதுகள். வெயில் ஒத்துவரேல்லை." அவர் அவசரமாய்க் கதையை மாற்றினார். "அதை விடுங்கோ. என்ரை கிணத்தைப் பாருங்கோ! இது தண்ணியில்லை, இளநீர். தம்பி, இந்தா சவர்க்காரம். கையைக் கழுவு. கழுவு எண்டுறன்!"

பஞ்சலிங்கம் கழுவினான். நுரை முழங்கை வரைக்கும் ஏறி, மூக்கில் ஒரு துளி வந்து குந்தியது.

"கண்டியோ? சவர்க்காரத்தைத் தூரத்திலை நிண்டு காட்டினாலே நுரைக்கும்! இந்த ஊரிலை ஆரின்ரை கிணத்திலை இருக்கு இப்பிடி?"

"மெய்தான் மாஸ்ரர். அப்ப அந்த இளநீரிலை ஒரு செம்பு குடிக்கத் தாருங்கோவன். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொண்டை காயுது."

"சீச்சீ, வந்த ஆக்களுக்குப் பச்சைத் தண்ணியோ குடுக்கிறது!" என்று மாஸ்ரர் உள்ளே ஓடி இரண்டு சோடாவோடு வந்தார்.

சோடா குடித்தபடி பஞ்சலிங்கம் வளவைச் சுற்றிப் பார்த்தான். நல்ல வடிவான பூஞ்சோலை. குரோட்டன், அந்தூரியம், ஓர்க்கிட். எல்லாம் கடையில் விற்கிற பெரிய தண்ணிக் கான்களைப் பாதியாய் வெட்டி அதில் நட்டது. மதில் நீளத்துக்கும் கான்கள்தான். "பூச்சட்டி வாங்க அலுப்புப்போலை," என்று அவன் உதயகலாவின் காதுக்குள் சொன்னான். அவள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், போத்தல் குடுத்த அந்தச் சனிக்கிழமை விசேஷமாய் ஏதும் நடந்ததோ?"

"என்னத்தைச் சொல்ல! அண்டைக்கு என்ரை படலை திருவிழா. சுதாகரன் வந்தான், காருக்குப் பற்றறித் தண்ணியாம். தர்சினி வந்தாள், குழந்தைக்கு மருந்து கரைக்கவாம். கோகுலன் தங்கமீனுக்குத் தண்ணி மாத்தவாம். எனக்குத்தான் தெரியாதோ, ஊருக்கே என்ரை கிணறெண்டால் ஒரு விருப்பம்."

"சின்னத்தங்கம் வந்தவவோ?"

"அவ ஒருத்திதான் வரேல்லை," என்றார் மாஸ்ரர். யோசிக்காமல், பட்டென்று.

படலைக்கு வெளியே வந்ததும் பஞ்சலிங்கம் வெடித்தான். "மிஸ், எந்த விசரன் பற்றறிக்குக் கிணத்துத் தண்ணி விடுவான்? பற்றறி செத்துப்போடும்! அதோடை உந்தக் கோகுலன் வீட்டிலை மீன் இருக்கிறது சட்டிக்குள்ளை மட்டும்தான், அதுவும் புளியோடை!"

"ஓட்டோவை எடுங்கோ. ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கவேணும்."

சனசமூக நிலையத்தில் றஜிதா ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரிலும் மிச்சத்தை, மருந்து விடாமல், தனியாய் வைத்திருந்தாள். உதயகலா பஞ்சலிங்கத்தின் கையில் சவர்க்காரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். சுதாகரன் வீட்டுத் தண்ணீர் நுரைத்தது. தர்சினி வீட்டுத் தண்ணீர் நுரைத்தது. கோகுலன் வீட்டுத் தண்ணீரும் நுரைத்தது. நீலப் போத்தல்களில் ஒன்று மிச்சமில்லாமல் அத்தனையும் ஒரே மாதிரி, அள்ளி அள்ளி நுரைத்தன. பஞ்சலிங்கத்தின் கை அவனுடைய கலியாணத்தன்றுகூட இவ்வளவு சுத்தமாய் இருந்ததில்லை.

"கரையோரத்து ஊர்," என்றாள் உதயகலா. "ஒரு கிணறு சவர், ஒரு கிணறு சுண்ணாம்புக் கல்லுத்தண்ணி. எல்லாத்திலையும் எப்பிடி ஒரே நுரை வரும்?"

பஞ்சலிங்கம் நுரைக் கையோடு நெற்றியில் அடித்தான். "அட கடவுளே! எல்லாரும் மாஸ்ரரிட்டை அள்ளிக் குடுத்திருக்கினம்!"

"பலகையிலை பேரோடை போடப்போறன் எண்டு றஜிதா சொன்னவ எல்லோ? உங்கடை கிணத்திலை கக்கூஸ் கிருமி எண்டு ஊர் பாக்க ஒட்டினால் நீங்கள் விடுவியளோ? வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டால் பக்கத்து வீட்டுக் கதிரையை வாங்கிப் போடுற சனம் நாங்கள். அப்பிடித்தான் தண்ணியையும் வாங்கியிருக்கினம். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் கள்ளம் செய்யிறன் எண்டு நினைச்சுக்கொண்டு."

றஜிதா வாயில் கை வைத்தாள். "அப்ப நான் சோதிச்சது ஊரையில்லை. ஒரே ஒரு கிணத்தை!"

"நில்லுங்கோ மிஸ்," என்றான் பஞ்சலிங்கம். "நீலமெல்லாம் மாஸ்ரரின்ரை கிணறெண்டால், மாஸ்ரரின்ரை போத்தலும் நீலமாயெல்லோ இருக்கவேணும்? அது ஏன் சிவப்பு?"

உதயகலா மாஸ்ரரின் தண்ணீரையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று என்னவோ செய்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. எரியாத கடைக்காரனைப் பிடித்த நாளிலும் அவள் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

"என்னெண்டு சொல்லுங்கோவன் மிஸ்!"

"சொன்னால் உங்கடை வாய் கூட்டத்துக்கு எனக்கு முந்திப் போய்ச் சேந்திடும்."

பின்னேரம் மண்டபம் நிரம்பிவிட்டது. முன் வரிசையில் நாகலிங்கம் மாஸ்ரர் வேட்டி சால்வையோடு தலைமை தாங்கினார். சின்னத்தங்கம் கடைசிக் கதிரையில் தனியே இருந்தா. அவவைச் சுற்றி நாலு பக்கமும் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. பஞ்சலிங்கம் போய்ப் பக்கத்துக் கதிரையில் குந்தினான்.

மாஸ்ரர் பேனையைத் திறக்கும்போது உதயகலா எழும்பினாள்.

"கையெழுத்துக்கு முதல் ஒரு அறிவித்தல். உங்கடை கிணறுகள் எல்லாம் பழுதெண்டு உறுதியாயிட்டுது. அதனாலை நீலப் போத்தல் குடுத்த ஒவ்வொரு வீட்டுக் கிணறும் நாளைக்கு மண் போட்டு மூடப்படும். கக்கூஸையும் இடிக்கச் சொல்லியிருக்கு. வாகனம் வெளிக்கிட்டிட்டுது."

அப்படி ஒரு வாகனமும் வெளிக்கிடவில்லை. றஜிதா மட்டும் விறைத்த கழுத்தோடு ஓம் என்று தலையாட்டினாள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

முதலில் சுதாகரன் எழும்பினான். "என்ரை கிணத்தை ஏன் மூடுறியள்? நான் குடுத்தது என்ரை கிணத்துத் தண்ணியே இல்லை!"

"அப்ப ஆரின்ரை?"

அவன் மாஸ்ரரைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். "மாஸ்ரற்றை. பற்றறிக்கெண்டு பொய் சொல்லி வாங்கினனான்."

"வெக்கமில்லையோ உனக்கு!" என்று கத்திக்கொண்டு தர்சினி எழும்பினாள். அடுத்த மூச்சில், "என்ரையும் மாஸ்ரற்றைதான், என்ரை கிணத்திலை கை வைக்காதேங்கோ!" என்றாள்.

பிறகு ஆரும் ஆரையும் தடுக்க ஏலவில்லை. மண்டபமே எழும்பி நின்று "என்ரையும் மாஸ்ரற்றை! என்ரையும்!" என்று கத்தியது. அள்ள முந்தின மாதிரியே இப்போது சொல்லவும் முந்தினார்கள். கோகுலன் தன்னிடம் தங்கமீனே இல்லையென்று கதிரைக்கு மேல் ஏறி நின்று சத்தியம் பண்ணினான்.

மாஸ்ரரின் முகம் கறுத்தது. "பொய்! எல்லாம் பொய்! என்ரை தண்ணியெண்டால் சிவப்பாயெல்லோ இருக்கவேணும்? பலகையைப் பாருங்கோ, என்ரை போத்தல் சிவப்பு!"

"ஓம் மாஸ்ரர், சிவப்பு," என்றாள் உதயகலா. அவருடைய தண்ணீரையும் ஒரு கோப்பையையும் சவர்க்காரத்தையும் அவருக்கு முன்னால் வைத்தாள். "கையைக் கழுவுங்கோ. உங்கடை கிணத்துத் தண்ணிதானே."

அவர் அசையவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் கையை நனைத்துத் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார். சவர்க்காரம் தயிர் மாதிரித் திரைந்தது. ஒரு குமிழ்கூட எழும்பவில்லை.

"நுரை எங்கை மாஸ்ரர்?"

கடைசிக் கதிரையிலிருந்து சின்னத்தங்கம் மெல்ல எழும்பினா. "அது என்ரை தண்ணி," என்றா. "என்ரை வாளியைத் தொட்டது நீங்களோ?"

மாஸ்ரர் கதிரையில் சரிந்தார். உதயகலாதான் மிச்சத்தைச் சொன்னாள். புதுக் கக்கூஸ் குழி கிணற்றுக்குக் கிட்ட வந்ததையும், பேரப்பிள்ளைகளுக்கு வயிற்றாலை போனதையும், அன்றிலிருந்து மாஸ்ரர் கடைத்தண்ணி வாங்கிக் குடித்துக் கானில் பூக்கன்று வளர்த்ததையும் அடுக்கினாள். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

"ஆனால் ஒண்டு எனக்கும் விளங்கேல்லை," என்றாள். "ஊரிலை இத்தனை கிணறு இருக்க, ஏன் மாஸ்ரர் அவவின்ரை கிணறு?"

அவர் சால்வை நுனியை முறுக்கினார். "அண்டைக்கு ஊரே போத்தலோடை என்ரை படலைக்கு வந்துது பிள்ளை. என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கிட்டுது. அவ மட்டும் வரேல்லை. தன்ரை கிணத்திலை அவவுக்குப் பயமில்லை, அப்ப அந்தத் தண்ணி நல்லதாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப நான் ஆரின்ரை கிணத்திலையும் ஒண்டும் போடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றா சின்னத்தங்கம்.

"தெரியும்."

"முதல் நாளே தெரியும்."

"ஓம்."

கோகுலன் சத்தம் போடாமல் கதிரையால் இறங்கினான்.

றஜிதா எழும்பி விளக்கினாள். ஒருத்தரின் கிணறும் மூடப்படாது, ஆனால் இரண்டைத் தவிர ஒருத்தரின் கிணறும் உண்மையில் சோதிக்கப்படவும் இல்லை. திரும்பச் சோதிக்கும் வரைக்கும் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாய் வாயில் வைக்கக் கூடாது. இப்போதைக்கு நல்லதென்று தெரிந்தது ஒரே ஒரு கிணறுதான். அவள் பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது.

சின்னத்தங்கம் அவர்களை ஒவ்வொருத்தராய்ப் பார்த்தா. மாட்டன் என்று சொல்லத்தான் போகிறா என்று பஞ்சலிங்கம் நினைத்தான். அவனென்றால் அப்படித்தான் சொல்லியிருப்பான், இரண்டு கெட்ட வார்த்தையும் சேர்த்து.

"வந்து அள்ளுங்கோ," என்றா. "ஆனால் உங்களுக்குக் கயிறு இழுத்துத் தர என்னாலை ஏலாது. மாஸ்ரர் இழுப்பார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாஸ்ரர் இழுத்தார். கப்பி கத்த, வாளி ஏற, படலையிலிருந்து ஒழுங்கை முடிவுவரைக்கும் ஊர் குடத்தோடு நின்றது. ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. தர்சினி மட்டும் குடத்தை வைத்துவிட்டு, நாளைக்கு இடியப்பம் இருக்குமோ என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பின்னால் நின்றவர்களும் எங்களுக்கும் எங்களுக்கும் என்றார்கள்.

பஞ்சலிங்கம் அதைச் சொல்ல அடுப்படிக்குப் போனான். அங்கே அவ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தா. கூட்டத்தில் விடாத கண்ணீரெல்லாம் இப்போது வந்துகொண்டிருந்தது. அவன் வாசலில் நின்றான். பிறகு உள்ளே போய், மாப்பெட்டியை இறக்கி, சட்டைக் கையை மடித்தான்.

"எத்தினை வீட்டுக்கக்கா குழைக்கிறது?"

அவ முன்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினா.

"ஊருக்கு."